தண்ணீர்ப் படுதா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நாடகக் கம்பெனி ஒன்றுக்குப் படுதா எழுதிப் பிழைத்தேன். அருப்புக்கோட்டையில் தறி வீட்டில் பிறந்தவன் நான். எனக்கு நடிக்கவும் வராது, பாடவும் வராது. நடிகர்களுக்குப் பின்னால் படுதாவில் தொங்கும் அரண்மனையும் காடும் என் கைவேலை.

ஒருமுறை ஓடத்தில் கங்கையைக் கடக்கும் காட்சிக்கு ஆறு எழுதச் சொன்னார்கள். நான் பார்த்திருந்த ஒரே ஆறு திருச்சுழிக் குண்டாறுதான். கரைக்குக் கரை மணலை எழுதி, நடுவில் ஊற்றுத் தோண்டி இரண்டு பெண்கள் சிரட்டையால் குடத்துக்கு மொள்வதையும் எழுதி வைத்தேன்.

தஞ்சாவூர்க்காரரான முதலாளி வந்து பார்த்தார். "தண்ணி எங்கப்பா?"

ஊற்றைக் காட்டினேன்.

"இதுல ஓடம் எப்படிப்பா போகும்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஊரில் வாசலுக்கு வாசல் வாய்க்கால்; சிரிக்கத்தான் செய்வார். ஆத்திரத்தில் மணல், ஊற்று, பெண்கள் எல்லாவற்றின் மேலும் நீலத்தை அப்பினேன்.

திருச்சுழியில் நாடகம் போட்டோம். அந்தப் படுதா இறங்கியதும் கூட்டத்தில் பேச்சு நின்றது. முன்னால் நின்று பாடிய நடிகருக்கு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று வருத்தம்.

மறுநாள் காலையில் படுதாவைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இடுப்பில் வெறுங்குடத்தோடு போன ஒரு பெண் நின்றாள்.

"அண்ணாச்சி, இம்புட்டுத் தண்ணியும் நெசமாவே எங்கயாச்சும் ஓடுதா?"

"ஓடுதாம்" என்றேன்.

சுருட்டிய துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவள் ஆற்று மணலில் இறங்கி ஊற்றை நோக்கி நடந்தாள்.