மகளுக்கு முன்னால் என் ரத்தம்

அக்காவுக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தது. அதற்குக் காரணம் குடும்பத்தில் வழிவழியாக வரும் ஒரு மரபணுப் பழுது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் எனக்காக அல்ல, அது பெண்களுக்கு வருவது என்றே நினைத்தேன். எனக்கு ஒரே மகள். புனேயில் வாகட் பக்கம் தங்கி ஐடி வேலை பார்க்கிறாள். நான் வேலை பார்க்கும் சாகண் கார் பிளாண்டில் லீவு சொல்லிவிட்டு அவளைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அப்பா, எனக்கு மீட்டிங் இருக்குப்பா."

"மீட்டிங் நாளைக்கும் இருக்கும். ஆட்டோல ஏறு."

அங்கே மரபணு ஆலோசனை சொல்பவர் ஒரு மராட்டிப் பெண், மகள் வயதுதான். நான் ஒன்பதாவதோடு நின்றவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சொன்னால்தான் மெதுவாகப் பேசுவார்கள். இந்தியில் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ தினமும் எங்கேயாவது சேதமாகிறதாம். வெயிலால், புகையால், சும்மாவேகூட. அறுந்த இடத்தைச் சில புரதங்கள் கண்டுபிடித்து, செல் இரண்டாகப் பிரிவதை நிறுத்திவைத்து, ரிப்பேர் செய்யும் புரதங்களைக் கூப்பிடுகின்றன. எங்கள் பிளாண்டிலும் வெல்டிங் விட்டுப்போனால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்துவோம். சரிசெய்யாமல் கார் அடுத்த இடத்துக்கு நகராது. அதனால் அதுவரை எனக்குப் புரிந்தது.

அக்காவுக்கு அந்த ரிப்பேருக்கான மரபணு ஒன்று பிறவியிலேயே பழுது. மரபணுக்கள் ஜோடியாக இருக்குமாம்; ஜோடியில் மற்றது நன்றாக இருக்கும்வரை சமாளிக்கும். ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டால் சேதம் சேர்ந்துகொண்டே போய்ப் புற்றுநோயாகலாம்.

"சரி மேடம், பொண்ணுக்கு ரத்தம் எடுங்க."

"அவங்களுக்கு இப்ப வேண்டாம் அங்கிள். முதல்ல உங்களுக்கு."

"எனக்கா? நான் ஆம்பள."

"உங்ககிட்ட அந்தப் பழுது இல்லன்னா உங்க வழியா அவங்களுக்குப் போயிருக்காது. இருந்தா, பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆம்பளைங்களுக்கும் அதால புராஸ்டேட்ல வரலாம், மார்புலயும் வரலாம்."

மகள் என்னைப் பார்த்தாள். "சலோ, வாப்பா. இப்ப யாருக்கு மீட்டிங்?"

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். வாங்கிய டீயைக் குடிக்க முடியவில்லை. பஸ் ஏறி பிம்ப்ரியில் இருக்கும் என் வீட்டுக்கே போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. போனால் பயமும் கூடவே வரும், அவள் நிலைமையும் தெரியாது. திரும்பி வந்து கையை நீட்டினேன்.

சில வாரங்களில் முடிவு வந்தது. பழுது எனக்கும் இருந்தது. மகளிடம் நானே சொன்னேன்.

"என் டெஸ்ட் எப்பன்னு நான் சொல்றேன்ப்பா. இந்தத் தடவ இழுத்துட்டுப் போகாத."

சரி என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் புராஸ்டேட் பரிசோதனைகளை ஒன்றுகூடத் தவறவிடுவதில்லை. பயம் போய்விடவில்லை. இருந்தாலும் போகிறேன். அவள் கூப்பிடுகிற அன்று லீவு போட்டுவிட்டுக் கூடப் போவேன். அதுவரை அந்தப் பேச்சை நானாக எடுக்கமாட்டேன்.