பாக்கி வைத்த மொட்டை

ரங்கூனில் மழித்த தலையைத் தெருவில் கண்டால் இரண்டில் ஒன்றுதான். அவர் பொங்கி, அதாவது பர்மாக்காரர்களின் துறவி. இல்லாவிட்டால் நம்மவரில் தகப்பனையோ தாயையோ பறிகொடுத்தவர். இந்தத் திருத்தணியிலோ புருஷனும் பெண்சாதியும் கைப்பிள்ளையும் மொட்டைத் தலையோடு நின்று சிரித்துக்கொண்டே பொரி தின்கிறார்கள். வந்த புதிதில் ஒருவரிடம், "யார் தவறிட்டாங்க?" என்று மெல்ல விசாரித்துவிட்டேன். அவர் என்னை அடிக்காத குறை. "நல்ல நாளும் அதுவுமா இன்னா வாய்யா உன்து!" என்றார். தலையில் சந்தனம் இருந்தால் சாமி மொட்டை, வெறுந்தலையானால் சாவு மொட்டை என்பதை அன்றுதான் கற்றேன்.

ஐந்து வருஷமாக அந்தத் தலைகளே என் பிழைப்பு. என் மனைவியின் அண்ணன் பெருமாள் மலையடியில் சந்தனக் கடை வைத்திருக்கிறார். மழித்துக் குளித்து வருகிறவர்களுக்குச் சந்தனம் பூசுவது என் வேலை. அதிகம் பேச வேண்டியதில்லை; எனக்கு ஏற்றதுதான். பெருமாளுக்குச் சாமி கிடையாது. யாராவது சீண்டினால், "சாமி இல்லைன்னுதான் சொன்னேன், சந்தனம் இல்லைன்னா சொன்னேன்?" என்பார். சாவைப் பற்றியும் அவருக்கு ஒரு பேச்சு உண்டு. "பொறக்கறதுக்கு முன்னாடி எங்க இருந்தே பாவா? பயந்துகினா இருந்தே? அங்கதான் போறோம்." தங்கை புருஷனை இங்கே தெலுங்கு வழக்கில் பாவா என்கிறார்கள்.

எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம், பர்மாவைவிட்டு ஓடிவந்த உங்களில் பலரைப் போல நானும் என் மனைவி முனியம்மாவும் மலைப்பாதையில் நடந்தே வந்தோம். வழியில் அவளுக்கு வாந்திபேதி கண்டது. காலையில் உட்கார்ந்தவள் பொழுது சாயுமுன் போய்விட்டாள். போகுமுன் சொன்னாள்: "நீ உசுரோட ஊர் சேர்ந்தா எங்க மலைச்சாமிக்கு மொட்டை போடுவேன்னு வேண்டிக்கினுகீறேன்யா. மறந்துடாதே." பின்னால் வந்தவர்கள் நெருக்கியதால், கற்களை மட்டும் அவள்மேல் அடுக்கிவிட்டு நடந்தேன்.

அவள் ஊரான இங்கு வந்து சேர்ந்தேன். ஆனால் மொட்டை போடவில்லை, மலையும் ஏறவில்லை. காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பாதையில் பிடித்த பயம் என்னை விடவே இல்லை. வயிறு லேசாக வலித்தாலும் நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். அப்போது மனம் ஒரு வழி கண்டுபிடித்தது. சாமிக்கு என்னிடமிருந்து வரவேண்டியது ஒன்று இருக்கிறது. அது வரும்வரை என்னை வைத்துக்கொண்டுதானே ஆகவேண்டும்? கொடுத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு? சாமியை நம்பினேனோ இல்லையோ, இந்தக் கணக்கை நம்பினேன். மொட்டை எப்போது என்று கேட்டவர்களிடம் அடுத்த கிருத்திகைக்கு என்று சொல்லிச் சொல்லியே வருஷங்களைக் கடத்தினேன்.

இந்த ஆடிக் கிருத்திகை முடிந்த மூன்றாம் நாள் காலை பெருமாளுக்கு வாந்திபேதி. பகலுக்குள் கண் குழிவிழுந்துவிட்டது. அந்த முகத்தை நான் மலைப்பாதையில் பார்த்தவன். வந்து பார்த்த கம்பவுண்டர், உப்புப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை விடாமல் கொடுக்கச் சொன்னார். விளக்கு வைக்கும்வரை தாங்கினால் பிழைப்பார் என்றார்.

பெருமாளின் மனைவி கன்னியம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் கொடுமை. "அண்ணா, முனியம்மா வேண்டினது இந்த ஊட்லயே தங்கிப்போச்சு. சாமி உன்னை உட்டுட்டு இவரைப் புடிக்குது. போய்க் குடுத்துட்டு வாண்ணா."

"அவ கெடக்கறா. நீ தண்ணி ஊத்து பாவா," என்றார் கட்டிலில் கிடந்த பெருமாள்.

ஊற்றினேன். கொடுத்தால் நான் போவேன், கொடுக்காவிட்டால் இவர் போவாரோ என்று மனம் ஓடியது. சோறு போட்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் உயிரைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன் என்று உறைத்ததும் உடம்பு கூசியது. செம்பைக் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

நாவிதர் முன் உட்கார்ந்தேன். "ஆடாதேய்யா, மசுரைத்தானே எடுக்கறேன், தலையையா?" என்றார். கத்தி ஒவ்வொரு முறை வழிக்கும்போதும் நெஞ்சு நின்றுவிடும் என்று காத்திருந்தேன். பிறகு படியேறினேன். சன்னிதியில் வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. "வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி ஓடிவந்தேன்.

பெருமாள் கண் திறந்து என்னைப் பார்த்தார். என் வெறுந்தலையையே பார்த்தார்.

"பாவா… நான் செத்துப் பூட்டேனா?"

"ஐயோ, இல்லை மச்சான்! இது சாமி மொட்டை."

"சந்தனம்?"

"அவசரத்தில் மறந்துட்டேன்."

வறண்ட தொண்டையால் சிரித்தார். "கடை மானத்தை வாங்கிட்டியேடா." பிறகு என் கையைப் பிடித்தவர் விளக்கு வைக்கும்வரை விடவில்லை.

பிழைத்துக்கொண்டார். கன்னியம்மா சாமி என்கிறாள், அவர் உப்புத் தண்ணீர் என்கிறார். எனக்குத் தெரியவில்லை. பயமும் போகவில்லை, பிடித்துக்கொள்ள இருந்த ஒரு கணக்குத்தான் போயிற்று.

கப்பல் மறுபடி ஓடுகிறது, வந்துவிடு என்று ரங்கூனிலிருந்து நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை. நான் பிறந்த தேசத்தில் அவள் கற்களுக்கடியில் கிடக்கிறாள்; அவள் பிறந்த ஊரில் நான் இருக்கிறேன். எங்கள் வீடு மலைக்குக் கிழக்கே. மத்தியானம் கண்ணயரப் பாய் விரித்தால், அவள் இருக்கும் கிழக்குத் திசையில் தலை வைக்கத் தோன்றுகிறது. வைத்தால் கால் சாமியின் மலையை நோக்கி நீள்கிறது. மாற்றிப் படுத்தால் கால் அவள் பக்கம். சில நாட்களில் படுக்காமல் பாயின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.