அரை இடம் தள்ளி

மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் படிவத்தில் ‘தாயின் கல்வித் தகுதி’ என்று ஒரு கட்டம். எம்.ஏ. என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் நான். சான்றிதழைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று பீரோவிலிருந்து பழைய ஃபைலை எடுத்தேன். பிரித்ததும் ஓம வாட்டர் வாசனை வந்தது.

முதுகலை இசையின் கடைசி மாதங்களில் என் பைக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் அந்த வாசனைதான். பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பாசஞ்சர், இறங்கி அண்ணாமலை நகர். “இன்னாத்துக்கும்மா இந்தப் படிப்பு, பச்ச ஒடம்ப வச்சிக்கினு?” என்று அத்தை, என் மாமியார், தினமும் கேட்பார். கேட்டுக்கொண்டே குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்வார். அதுதான் சங்கடம். திட்டிவிட்டு உதவாமல் இருந்திருந்தால் கோபித்துக்கொண்டாவது நிம்மதியாகப் போயிருப்பேன்.

கடைசித் தேர்வுக்குச் சொந்தமாக ஒரு பாட்டு அமைக்க வேண்டும். அதை ஸ்வரப்படுத்தி எழுதி, அதன் அமைப்பை ஆராய்ந்து கட்டுரை கொடுக்க வேண்டும். பிறகு தேர்வாளர்கள் முன்னால் பாட வேண்டும். என் பாட்டு தூளியை ஆட்டும்போது வந்தது. தாலாட்டு என்றால் நீலாம்பரி ராகம் என்பீர்கள். நானும் படித்தவளாயிற்றே, அதில்தான் தொடங்கினேன். பாப்பா வீறிட்டு அழுதாள். காலையில் எழுப்பப் பாடுகிற பிலஹரிக்குத்தான் தூங்கினாள். எனக்கு வயலின் வாசிக்க ஒப்புக்கொண்ட ஸ்டெல்லா, குமராட்சியிலிருந்து வருகிற வகுப்புத் தோழி, கேட்டுவிட்டு, “பிலஹரிக்குத் தூங்குற புள்ளய இப்பதான்டி பாக்குறேன்” என்றாள்.

பாடினது தூளியடியில், எழுதினது ரயிலில். புதுச்சத்திரத்துக்கும் கிள்ளைக்கும் நடுவே, மடியில் நோட்டை வைத்து. எதிரே ஆட்கள் இருக்கும்போது வாய்விட்டுப் பாடிப் பார்க்க வெட்கம். மனசுக்குள் ஆதி தாளத்தைப் போட்டு, வகுப்புப் பழக்கத்தில் முதல் தட்டிலேயே பாட்டை எடுத்து எழுதிவிட்டேன். ஸ்டெல்லாவோ காதால் கேட்டுத்தான் வாசித்தாள், தாளைப் பார்க்கவில்லை.

தேர்வன்று அத்தை குழந்தையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். இதில் தவறினால் இன்னொரு வருடம் வீட்டில் அனுப்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு வரி பாடியிருப்பேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கையைக் காட்டினார்.

“ஏம்மா, பேப்பர்ல சமத்துல எடுத்துருக்கு. நீங்க அரை இடம் தள்ளி எடுக்குறீங்க. எழுதுன மாதிரியே பாடிடுங்க.”

தட்டு விழும்போதே பாட்டு தொடங்கினால் சமம். விழுந்தபின் துளி விட்டுத் தொடங்கினால் அரை இடம். தூளியைத் தள்ளிவிட்டு, அது கையை விட்டு நகர்ந்த பிறகுதானே நான் வாய் திறப்பேன். அந்தத் துளியை எழுதும்போது கவனிக்கவே இல்லை.

அவர் சொன்னது நியாயம். யார் எதைச் சொன்னாலும் ‘சரிங்க’ என்கிறவள்தான் நான். சமத்தில் எடுத்துப் பாடினேன். ஸ்வரம் ஒன்றும் தப்பவில்லை. ஆனால் ஆடுகிற தூளியை யாரோ கைபோட்டு நிறுத்தினது மாதிரி இருந்தது. ஒரே வரியில் நிறுத்திவிட்டேன்.

“சார், பாட்டு சரியா இருக்கு. பேப்பர்தான் தப்பு” என்றேன்.

“பேப்பருக்கு மார்க் போயிடும்மா.”

“போவட்டும் சார். பாட்ட மாத்த மாட்டேன்.”

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். ஸ்டெல்லா வயலின் வில்லைத் தூக்கித் தயாராக வைத்துக்கொண்டாள். தேர்வாளர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். முழுதும் பாடச் சொன்னார். பாடினேன், அரை இடம் தள்ளியே. எழுத்துக்கு மதிப்பெண் குறைந்தது. மொத்தத்தில் தேறினேன், முதல் வகுப்பு போயிற்று. திரும்புகிற ரயிலிலேயே என் நோட்டில் அந்தப் பாட்டு இருந்த மூன்று பக்கத்தையும் அடித்துத் திருத்தினேன், யாரும் கேட்காமலே, வாய்விட்டுப் பாடிக்கொண்டே. எதிர் சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நடந்ததைக் கேட்ட அத்தை, “அங்க காட்டுன வாய வூட்ல காட்டாத” என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது தூளி இல்லை. பாப்பா தானே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகிறாள். நான் பாடினால் “மெதுவாம்மா, கார்ட்டூன் கேக்கல” என்கிறாள். ஸ்டெல்லா வயலினோடு வெளிநாடு போய்விட்டாள். அன்று எண்ணாமலே வந்த அந்தத் துளி இடைவெளி என் உடம்பிலிருந்தும் போய்விட்டது. சமையலறையில் பாடிப் பார்த்தால் வாய் தானாகச் சமத்துக்கே ஓடுகிறது. நிறுத்தி, விரல் விட்டு எண்ணி, மறுபடியும் எடுக்கிறேன். சமத்தில் மட்டும் எடுக்க மாட்டேன்.