அத்தை காட்டாத கடல்

அந்தப் புகைப்படத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்கத்தாவின் பெஹாலாவில் எங்கள் கீழ்வீட்டில் ஒரு வங்காளித் தம்பதி இருந்தார்கள். அவர்களை நான் சித்தப்பா, சித்தி என்பதுபோலக் காக்கு, காக்கிமா என்றுதான் கூப்பிடுவேன். வருடாவருடம் பூஜை விடுமுறை நெருங்கும்போது மலைக்குப் போவதா கடலுக்குப் போவதா என்று இருவருக்கும் பெரிய சண்டை நடக்கும். துறைமுக ஆபீஸில் வேலை பார்த்த என் அப்பா மாடிப்படியில் நின்றபடி, எங்கள் ஊருக்குப் போனால் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பார். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் வயலும் தென்னையும். கைக்குழந்தையாக ஒரு தடவை போனதோடு சரி, ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அந்தக் கடலும் மலையும் என் சொந்தச் சொத்து என்பதுபோல அலட்டிக்கொண்டு திரிந்தேன்.

எனக்குப் பத்து வயதானபோது அப்பா ஆபீஸில் எல்டிசி பயணச்சலுகை போட்டு எங்களை ஊருக்கு அழைத்துப் போனார். அப்பாவின் அக்கா வீட்டில் இறங்கினோம். வாசலிலேயே அத்தை என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"கடலுக்குப் பிள்ளைய நான்தான் கூட்டிட்டுப் போவேன். வேற யாரும் கொண்டு போவப்பிடாது, கேட்டியா?"

எனக்கு அத்தையை அப்போதே பிடித்துப்போயிற்று. அதன் பிறகு ஆரம்பித்தது அநியாயம்.

கல்கத்தாக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஊரே பார்க்க வந்தது. வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. காலையில் ஆப்பம், மத்தியானம் தீயலும் அவியலும் மீன்குழம்பும், சாயங்காலம் ரசவடை. அம்மா உதவிக்குப் போனால், விருந்துக்கு வந்தவளுக்கு அடுக்களையில் என்ன வேலை என்று அத்தை விரட்டிவிடுவாள். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்ப்பதற்குள் இருட்டிவிடும். காற்று வீசினால் வீட்டுக்குள்ளேயே உப்பு வாசம் வந்தது. நடந்தால் எட்டிவிடும் தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு, வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்குப் போவோம் மக்ளே" என்பாள் அத்தை. மறுநாளும் அதையே சொல்வாள்.

பொறுக்கமுடியாமல் அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். "நீங்களாவது வாங்கப்பா!"

"அத்தை ஆசையாச் சொல்லியிருக்கா. அவள விட்டுட்டுப் போனா மனசு சங்கடப்படும்" என்றார் அப்பா. அக்காவின் மனசைப் பற்றிய அந்தக் கவலை முடிந்ததும் அடுக்களைப் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் தீயல் கேட்டார்.

கடைசி நாள் அத்தை நிஜமாகவே கிளம்பினாள். நல்ல சேலை உடுத்தி, தலைவாரி, என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாமாவின் சொந்தக்காரர்கள், எங்களை வழியனுப்ப வந்தவர்கள். அத்தை என் கையை விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நான் முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். ரயிலேறும்வரை அவளோடு பேசவில்லை.

அந்த வருடம் பூஜைக்குக் காக்குவும் காக்கிமாவும் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டார்கள். அப்பா விடுவாரா? அக்கா வீட்டு விலாசத்தைக் கொடுத்து, அவசியம் போய்ப் பார்க்கச் சொன்னார். திரும்பி வந்ததும் காக்கிமா என்னை மடியில் இருத்திப் போனில் படங்களைக் காட்டினார். எங்கள் மலை. எங்கள் கடல். அந்த வெயிலிலும் குரங்குக் குல்லாவைக் கழற்றாமல் நிற்கும் காக்கு. அடுத்த படத்தில் அத்தை.

முழங்காலளவு தண்ணீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். அலை அடித்துப் பாதி நனைந்திருந்தாள். வாயெல்லாம் சிரிப்பு. நாங்கள் இருந்தபோது அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவேயில்லை.

"தோமார் பிஷி கீ பாலோ!" என்றார் காக்கிமா. உன் அத்தைதான் எவ்வளவு நல்லவள் என்று. கூப்பிட்ட உடனே வந்தாளாம். அந்தி சாயும்வரை தண்ணீரைவிட்டு வெளியே வரவேயில்லையாம்.

முன்பின் தெரியாதவர்களுக்கு என் கடலைக் காட்டியிருக்கிறாள்! மாடிக்கு ஓடி அம்மாவின் போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டேன். வணக்கமும் இல்லை, சுகமா என்ற கேள்வியும் இல்லை.

"எங்களை மட்டும் ஏன் கூட்டிட்டுப் போகலை?"

அந்தப் பக்கம் அத்தை ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அவங்க லூச்சின்னு ஒரு பூரியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக் கொண்டு வந்திருந்தாங்க மக்ளே" என்றாள் அத்தை. "எனக்கும் சேத்துக் கொண்டு வந்திருந்தாங்க. அன்னைக்கு நான் அடுப்பே பத்த வைக்கல."

போனைத் துண்டித்துவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, இப்போது அது அத்தையின் மேல் இல்லை என்பதுதான் வித்தியாசம். ஆனால் அன்றைக்கு நான் கேட்டது கடலைப் பற்றி, அத்தை சொன்னதோ சாப்பாட்டைப் பற்றி. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவிடம் போய்க் கத்தினேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.