ஆட்டிடம் சொன்ன நன்றி

எழுபதுகளின் கடைசியில் குன்னத்துக்கு வடக்கே ஓர் ஊரில் டீச்சராக இருந்தேன். ஓராசிரியர் பள்ளி. அரியலூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு போய் இறங்கியவள், கொஞ்சம் முன்கோபக்காரி. பள்ளியில் ஒரு பானை, ஒரு டம்ளர். காலனிப் பிள்ளைகள் டம்ளரைத் தொடக் கூடாது; அவர்கள் கை குவித்து நிற்க, வேறொரு பிள்ளை மேலிருந்து ஊற்றும். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. காலனிச் சிறுமி ஒருத்தியின் கையில் டம்ளரைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னேன். அவள் குடித்து வைத்த டம்ளரிலேயே நானும் மொண்டு குடித்தேன்.

அந்த வாரமே ஊர் கூடியது. டீச்சரோடு யாரும் பேசக் கூடாது, பேசினால் அவர்களையும் தள்ளிவைப்பது என்று முடிவாயிற்று. கடையில் சாமான் தர மறுத்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. தானாக ஓடிவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் மாற்றல் கேட்டு மனு எழுதிப் பெட்டியில் வைத்திருந்தேன். சாயங்காலம் பள்ளியைப் பூட்டினால் மறுநாள் காலை வரை என்னைக் கூப்பிட ஓர் ஆள் கிடையாது. அழுகை முட்டிக்கொண்டு வரும். வீம்புக்கு அழமாட்டேன்.

நான் குடியிருந்தது ஒரு வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, ஓர் ஆடு உண்டு. அவரும் பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் நான் பள்ளி விட்டு வரும் நேரம் பார்த்துக் கொல்லையில் ஆட்டைத் திட்ட ஆரம்பிப்பார்.

"திமிரெடுத்துத் திரிஞ்சா வவுறு ரொம்பிடுமா? கூடைக்கடியில வெச்சிருக்கேன், தின்னுட்டுக் கெட."

ஜாடைப் பேச்சு எனக்குத் தெரியாததா? என்னைத்தான் குத்துகிறார் என்று உடம்பெல்லாம் எரியும். கதவைப் படாரென்று சாத்திவிட்டு, அரியலூரிலிருந்து வாங்கிவந்த அவலை நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

பத்து நாள் இப்படிப் போயிற்று. ஒரு நாள் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வெளியே வந்தேன். ஆடு இல்லை. மேய்ச்சலுக்குப் போனது இன்னும் திரும்பவில்லை. வீட்டுக்காரம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி, ஆடு கட்டும் வெறும் முளைக்குச்சியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அவர் உள்ளே போனதும் கூடையைத் தூக்கிப் பார்த்தேன். சட்டியில் கம்மங்கூழ், பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம். எந்த ஆட்டுக்கு வெங்காயத்தை உரித்துக் கொடுப்பார்கள்? பத்து நாளும் வைத்து வைத்து எடுத்துப் போயிருக்கிறார். வெட்கத்தோடு சட்டியைக் காலி செய்து அதே கூடைக்கடியில் வைத்தேன்.

நேரில் நன்றி சொன்னால் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும். மறுநாள் ஆட்டின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"கூழ் நல்லாருந்துச்சு. எனக்குத்தான் புத்தியில்ல" என்றேன்.

கொல்லையில் நின்ற வீட்டுக்காரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஒன்றரை வருடம் ஆட்டிடமே பேசிக்கொண்டோம். டம்ளர் எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் போயிற்று. பெரியவர்கள் மட்டும் கடைசிவரை என்னோடு பேசவில்லை. கல்வி ஆபீஸில் என்னைத் துணிச்சல்காரி என்றார்கள். எனக்குச் சம்பளம் இருந்தது, அரியலூரில் வீடு இருந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு அந்த ஊரை விட்டால் போக்கிடம் இல்லை.

பிறகு ஆபீஸே என்னை மாற்றியது. நான் கிளம்பிய காலையில் பஸ் நிற்கும் இடத்தில் பாதி ஊர் நின்றது. வீட்டுக்காரம்மா வந்தார். கூட ஆடு இல்லை. எல்லார் முன்னாலும் என் முகத்தைப் பார்த்து, "பாத்துப் போயிட்டு வாங்க டீச்சர்" என்றார்.

பேசியே பிழைப்பவள் நான். பழக்கதோஷத்தில் பதில் சொல்ல ஆட்டைத் தேடினேன். பஸ் கிளம்பிவிட்டது.