அதே துணி

"தராசு பொய் சொல்லாதும்மா. உனக்குத்தான் பால் பத்தலை."

தையற்காரியிடம் இப்படி வெடுக்கென்று சொல்லிவிட்டுத் தராசுக்காரி படியிறங்கி வந்தாள். மேலே அந்தப் பெண் அழுவது கீழ்வீட்டில் இருக்கும் எனக்குக் கேட்டது. பெற்று ஒரு மாதம்கூட ஆகாத உடம்பு. நாக்கைக் கொஞ்சம் சுருட்டி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று திட்டினேன்.

"நான் என்ன பெரியம்மா பண்ண? பிள்ளை குடிச்சு முடிச்சா எடை குறையுதே" என்றாள்.

அவள் சந்தையில் பல வருஷம் காய் நிறுத்து விற்றவள். புருஷன் இன்னொருத்தியோடு ஓடியபோது, நல்லவேளை தராசை விட்டுவிட்டுப் போனான் என்றவள். பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். வீடு தேடிப் போய்த் துணையிருந்தால் தாய்மார்கள் கூடுதல் காலம் தாய்ப்பால் கொடுப்பார்களா என்று பார்க்க வேண்டுமாம். நிறுக்கத் தெரிந்தவள் என்று இவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பச்சைப்பிள்ளையையும் கத்திரிக்காயையும் ஒன்றாக நினைத்துவிடாதே என்று கேலி செய்தேன். கத்திரிக்காய் தட்டிலேயே மூத்திரம் போகாது பெரியம்மா என்றாள்.

பால் கொடுக்கும் முன்னால் ஓர் எடை, கொடுத்த பின்னால் ஓர் எடை. கூடியிருப்பதுதான் வயிற்றுக்குள் போன பால். நடுவில் அந்தப் பெண் மாரைத் திறப்பாளே என்று இவள் மரியாதையாக வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொள்வாள். நான் வெங்காயம் உரித்தபடி பேச்சுக் கொடுப்பேன்.

அடுத்த தடவையும் எடை குறைந்தது. தையற்காரிக்குச் சோறு இறங்கவில்லை. என் மார் வெறும் தோல்தான் என்று என்னிடம் சொல்லி அழுதாள். மறுநாள் சாயங்காலம் பால்பவுடர் டின்னோடு வருவதாகப் புருஷன் சொல்லிவிட்டான். தராசுக்காரியும் பட்டினிதான். சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துத் தராசைச் சோதித்தாள். தராசு சரியாகவே இருந்தது. அது அவளை இன்னும் கலக்கியது. மறுநாள் காலையிலேயே மறுபடி நிறுக்க வந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மரியாதையாம் மண்ணாங்கட்டியாம். உள்ளே உக்காருடி. அவகிட்ட இருக்கிறது உன்கிட்ட இல்லையா?" என்று அவளைத் தள்ளிக்கொண்டு நானும் உள்ளே போனேன்.

பிள்ளை நன்றாகத்தான் இழுத்தது. விழுங்கும் சத்தம் என் மந்தக் காதுக்கே கேட்டது. வயிறு நிறைந்ததும் தையற்காரி ஈரத் துணியை அவிழ்த்துக் காலி வாளியில் போட்டாள். உலர்ந்த துணி ஒன்றைக் கட்டிப் பிள்ளையைத் தராசுக்குக் கொண்டுவந்தாள்.

தராசுக்காரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அதே துணியோட வைக்கணும்னு சொன்னேனேம்மா."

"அதே துணிதான் அக்கா. எல்லாம் ஒரே பீஸ்ல வெட்டினது. ஈரத்தோட உங்க தராசுல எப்படி வைப்பேன்?"

தைக்கிறவளுக்குத் துணி என்றால் கடையில் கிழித்து வாங்குகிற துணி. கட்டியிருந்த துணியைத்தான் இவள் சொன்னாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இவள் படியில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் பிள்ளையின் மூத்திரம் கணக்கில் கழிந்துகொண்டிருந்திருக்கிறது.

வாளியில் கிடந்ததையே திரும்பக் கட்டி நிறுத்தார்கள். எடை கூடியிருந்தது. தையற்காரி நம்பாமல் இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள். அப்போதும் கூடித்தான் இருந்தது. டின் வேண்டாம் என்று புருஷனுக்கு போன் செய்யும்போதுகூட அவளுக்குப் பாதி சந்தேகம்தான்.

தராசுக்காரி சிரிக்கவில்லை. இன்னும் எத்தனை வீட்டில் இப்படிச் சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேனோ என்று புலம்பினாள். ஆஸ்பத்திரியில் போய் நடந்ததைச் சொன்னாள். வீடு வீடாக ஓடினாள். பக்கத்துத் தெருவில் ஒருத்தி ஏற்கெனவே பாலை நிறுத்தியிருந்தாள். பால் திரும்பச் சுரக்குமோ சுரக்காதோ தெரியாமலே தினமும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பிள்ளையை மாரில் வைக்கச் சொல்கிறாள். நேற்று சொட்டுச் சொட்டாக வந்ததாம். இன்றைக்கு என்ன ஆகுமோ என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது துணி என்று சொல்லவே அவளுக்குப் பயம். கைக்காசைப் போட்டுச் சிவப்புத் துணி வாங்கினாள். வீட்டுக்கு ஒன்றாக வெட்டி, தையற்காரியிடம் ஓரம் அடித்து வாங்கினாள். நிறுக்கப் போகும்போது பிள்ளைக்கு அந்தச் சிவப்பைக் கட்ட வேண்டும், இரண்டாவது எடை முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. கடைக்காரனிடம் அவ்வளவு பேரம் பேசியும் அவளுடைய ஒரு நாள் சம்பளம் முழுசாகப் போய்விட்டது.