தலைவர் திருப்பிய தோசை

11.6.2019 – கடை உரிம விண்ணப்பம், 20 வெள்ளி. நிராகரிப்பு.
3.2.2021 – அபராதம், 250 வெள்ளி.
17.10.2022 – அபராதம், 250 வெள்ளி.
2.8.2023 – தோசை 64, தேநீர் 41. வசூல் இல்லை.
28.8.2023 – மறு விண்ணப்பம், 20 வெள்ளி.

பத்தாங் பெர்ஜுந்தாய் போகிற சாலையில், செம்பனைத் தோட்டம் முடியும் இடத்தில் விஜயராணி தோசைக்கடை வைத்திருந்தாள். தகரக் கூரை, நான்கு மேசை, உரிமம் கிடையாது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவளுக்கும், நடக்க முடியாத கணவன் சேதுவுக்கும் அதுதான் சோறு. நகராண்மைக் கழகத்தின் அமலாக்க லோரி தூரத்தில் தெரிந்தாலே அடுப்பை அணைத்துக் கித்தானை இழுத்து மூடிவிடுவாள். இரண்டு முறைதான் சிக்கினாள்.

ஆகஸ்ட் 2ஆம் தேதி, சட்டமன்றத் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கையில், கட்சித் தலைவர் சிவானந்தம் நாற்பது பேரோடு வந்தார். நேரே அடுப்புக்குப் போய்த் தோசைத்திருப்பியை வாங்கினார். தோசை பிய்ந்தது. கூட்டம் கைதட்டியது.

"எத்தன புள்ளைங்கம்மா?"

"புள்ள இல்லைங்க ஐயா. கடைக்கு லைசன் இல்லாமத்தான் அவஸ்தை."

"லைசன நான் பாத்துக்கறேன்."

படமெடுத்தவன் சரியில்லை என்று தலையாட்டினான். "தலைவரே, அந்தம்மா நிழல் உங்க மூஞ்சில விழுது. இன்னொரு தடவ."

அவளைத் தள்ளி நிறுத்தினார்கள். தலைவர் மறுபடி மாவு ஊற்றி, அதே சிரிப்போடு, "எத்தன புள்ளைங்கம்மா?" என்று முதலிலிருந்து தொடங்கினார். அவளும் இல்லையென்று இன்னொரு முறை சொன்னாள். உரிமத்தையும் அவர் இன்னொரு முறை பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு தடவை வாக்குக் கொடுத்தவர் மறக்கமாட்டார் என்று விஜயராணி நம்பினாள்.

அந்தப் படம் பேனராகி எதிர்ப்புறம் தொங்கியது. அவர் ஜெயித்ததும் அதன்மேல் 'நன்றி' என்று ஒட்டினார்கள். விஜயராணி கித்தானை மூடுவதை விட்டுவிட்டாள்.

"ஒனக்கென்னடி, ஒன் வக்கீலு அங்க தொங்குறாரு," என்றாள் பக்கத்தில் பழப் பலகாரம் விற்கும் தங்கமணி. "லோரி வந்தா எனக்கும் சேத்துச் சொல்லுலா."

மறு விண்ணப்பத்தோடு அந்தப் படத்தின் நகலையும் வைத்தாள்.

"கேட்டத மட்டும் குடு. படம் எதுக்கு?" என்றான் சேது.

"அவரு மூஞ்சியப் பாத்தா தட்டமாட்டானுங்க."

செப்டம்பர் 25ஆம் தேதி நகராண்மைக் கழகத்தின் பதில் வந்தது. அவளே இணைத்த படத்தின்படி, வடிகாலுக்கு ஒதுக்கிய நிலத்தில் உரிமமின்றி வியாபாரம் நடப்பது உறுதியாகிறது; பதினான்கு நாளில் கடையை அகற்ற வேண்டும்.

கடிதத்தோடு தலைவரின் சேவை மையத்துக்கு ஓடினாள். உதவியாளர் கோகிலன் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தப் படத்த யாரு குடுத்தது, அக்கா?"

"நான்தாங்க."

"சட்டவிரோதக் கடையில தலைவரு நின்னாருன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சே." தொலைபேசியை எடுத்தார். "அந்தத் தோசைக்கடை பேனர இன்னிக்கே கழட்டுங்க."

அன்று மாலைக்குள் கழற்றிவிட்டார்கள். அக்டோபர் 10ஆம் தேதி லோரி வந்தது. அவள் தோசைக்கல்லை மட்டும் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். தங்கமணியின் கித்தான் மூடியிருந்தது.

கடையை இடித்த செலவு 480 வெள்ளியை அவளே கட்ட வேண்டும் என்ற கடைசிக் கடிதம் வந்த தேதி 8.11.2023.